அப்பாவிடம் சொத்துப் பேச்சை எடுப்பது எப்படி

பெரும்பாலான வீடுகளில் சொத்தைப் பற்றிய முதல் பேச்சு பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் நடக்கிறது. பந்தலைப் பிரித்தாகிவிட்டது, உறவினர்களில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு லீவு முடியப்போகிறது. யாரோ ஒருவர் பீரோவைத் திறக்கிறார். உள்ளே ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி வைத்த பத்திரங்கள், பழைய வீட்டு வரி ரசீதுகள், எந்த லாக்கருக்கு என்றே தெரியாத ஒரு சாவி. யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் 'அது யாரிடம் இருக்கிறது' என்று சாதாரணமாகக் கேட்டாலும் குற்றம் சாட்டுவது போலத்தான் கேட்கும். இருபது வருடம் பேசாமல் போன அண்ணன் தம்பிகள் பலருக்குச் சண்டை தொடங்கியது அந்தப் பீரோவின் முன்னால்தான்.

அப்பா அம்மா நடமாட்டமாக இருக்கும்போதே இதைப் பேசிவிட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் இதுவரை காசுப் பேச்சே எடுத்ததில்லை, எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் இது உங்களுக்குத்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். இதில் இருப்பவை இரண்டு பேச்சுகள். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பது ஒன்று. யாருக்கு எவ்வளவு என்பது இன்னொன்று. பிள்ளை முதலாவதைக் கேட்கிறான், அப்பாவின் காதில் இரண்டாவது விழுகிறது. 'பங்கு கேட்க வந்துட்டான்' என்று அன்று சாயங்காலமே சித்தப்பாவுக்கு போன் போகிறது. அதனால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே வாயால் பேசாதீர்கள். முதல் பேச்சை முடித்துவிட்டு, அது ஆறி அடங்கி, வீட்டில் எல்லாரும் பழையபடி சிரித்துப் பேசும் வரை காத்திருந்து, அப்புறம் இரண்டாவதுக்குப் போங்கள். இடையில் சில மாதங்கள் ஆனாலும் தப்பில்லை. முதல் பேச்சோடு நின்றுபோனாலும்கூட வீட்டுக்குப் பெரிய லாபம்தான்.

கொஞ்சம் சட்டம்

அப்பாவிடம் சட்டம் பேச வேண்டாம். அவர் எதிரில் சட்டப்பிரிவு எண்ணைச் சொன்ன அன்றோடு பேச்சு முடிந்துவிடும். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டு பேசாமல் இருக்கத்தான் இவ்வளவும்.

இந்துக் குடும்பங்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியதை அவர் விருப்பப்படி யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பிள்ளைகள் என்பதற்காக அவர் உயிரோடு இருக்கும்போது அதில் நமக்கு உரிமை எதுவும் இல்லை. உயில் எழுதாமல் காலமானால் மனைவி, மகன்கள், மகள்கள், அப்பாவின் அம்மா எல்லாருக்கும் சம பங்கு. பாட்டி உயிரோடு இருந்தால் பாட்டிக்கும் பங்கு உண்டு என்பதைப் பல வீடுகளில் மறந்தேபோகிறார்கள்.

பூர்வீகச் சொத்துக்குக் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 1989-இலேயே, அதுவரை கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பிறப்பால் பங்கு வந்துவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு, கல்யாணம் ஆன மகள்களுக்கும் சேர்த்து அந்த உரிமை வந்தது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது. தாத்தா பெயரில் இருந்த எல்லாமே பூர்வீகம் ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். எது பூர்வீகம் என்பதைப் பத்திரத்தைப் பார்த்து வக்கீல்தான் சொல்ல வேண்டும். டீக்கடையில் சொல்ல முடியாது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியத் முறைப்படி பங்கு. பொதுவாக அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

உயிலுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். உயில், எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிந்து வைப்பது நல்லது. தான செட்டில்மென்ட் பதிவான உடனே சொத்து கை மாறிவிடும், அப்புறம் மனசு மாறினால் எளிதில் திரும்பப் பெற முடியாது. குடும்பத்துக்குள் செய்தால் முத்திரைத் தீர்வையில் சலுகை இருப்பதால், 'இப்பவே செட்டில்மென்ட் போட்டுடலாம்ப்பா, செலவு கம்மி' என்று அவசரப்படுத்துகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த அவசரத்துக்கு நீங்கள் துணை போகாதீர்கள்.

கூடப்பிறந்தவர்களிடம் முதலில்

அப்பாவிடம் போவதற்கு முன்பு அக்கா, அண்ணன், தங்கை, தம்பி எல்லாரிடமும் தனித்தனியாக போனில் சொல்லிவிடுங்கள். ஒருவர் விட்டுப்போனாலும் 'எனக்குத் தெரியாம என்னமோ நடக்குது' என்ற பேச்சு கிளம்பும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். குட்மார்னிங் படத்துக்கும் பேத்தியின் டான்ஸ் வீடியோவுக்கும் நடுவில் 'அப்பாவின் சொத்து விவரம்' என்று ஒரு வரி வந்தால், அதை ஒவ்வொருவரும் தன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு தொனியில் படிப்பார்கள்.

போனில் இப்படிச் சொல்லலாம்: "அக்கா, அப்பாகிட்ட பேங்க், பத்திரம், இன்சூரன்ஸ் எல்லாம் எங்கெங்க இருக்குன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கலாம்னு இருக்கேன். பங்குப் பேச்சு எதுவும் இல்ல. எழுதினதை எல்லாருக்கும் நகல் எடுத்துக் குடுத்துடறேன். நீ ஊருக்கு வரும்போது வெச்சுக்கலாமா?" இதில் மூன்று விஷயம் வந்துவிடுகிறது: பங்கு இல்லை, மறைப்பு இல்லை, நீயும் கூட இரு.

உள்ளூரில் அப்பா அம்மாவோடு இருக்கும் பிள்ளையிடம் இன்னும் கவனமாகப் பேச வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, மாத்திரை வாங்குவது, ரேஷன், கரண்ட் பில் எல்லாம் அவர் தலையில். வெளியூர்க்காரர் வந்து கணக்குக் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். 'நீதான் எல்லாம் பார்த்துக்கற, உனக்கு ஒரு நாள் முடியலைன்னா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்லித் தொடங்குங்கள். அது உண்மையும்கூட.

மருமகன், மருமகள்களுக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும். ஆனால் முதல் பேச்சின்போது அவர்கள் அறையில் இல்லாமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். மருமகன் எதிரில் கடன் விவரத்தைச் சொல்ல எந்த அப்பாவுக்கும் நாக்கு எழாது. மருமகளோ வாயே திறக்காவிட்டாலும், பிற்பாடு எது கோணலானாலும் 'அவ சொல்லிக் குடுத்துதான் பேசறான்' என்று பழி அவள் மேல்தான் விழும். அந்த அநியாயத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

எப்போது, எங்கே

கல்யாணம், கிரகப்பிரவேசம், தீபாவளி, பொங்கல் வேண்டாம். எல்லாரும் கூடியிருக்கிறார்களே, ஒரேயடியாகப் பேசிவிடலாம் என்று தோன்றும். எல்லாரும் கூடியிருப்பதுதான் சிக்கலே. வெளிநாட்டிலிருந்து குறைந்த லீவில் வருகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி பெட்டி கட்டிக்கொண்டே பேசுவார்கள், அதுவும் வேண்டாம். வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ எடுங்கள், பேச்சு முறிந்தாலும் சரிசெய்ய நாள் இருக்கும்.

காலையில் காபி முடிந்து, பேப்பர் படித்து, குளிப்பதற்கு முன்னால் அப்பா சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் ஒன்று இருக்குமே, அது நல்ல நேரம். ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்று கொடுக்கப் போகும் நாள், டெபாசிட் முதிர்வடையும் நாள், வீட்டு வரி கட்டும் நாள் இவையெல்லாம் தானாக அமையும் வாய்ப்புகள். வங்கிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பும்போது, பேச்சு ஏற்கெனவே பாதி தொடங்கியிருக்கும்.

வாயைத் திறப்பது

உங்கள் நோட்டை முதலில் காட்டுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் வங்கிக் கணக்குகள், காப்பீடு, வீட்டுக் கடன், நாமினி பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அப்பாவிடம் கொண்டுபோங்கள்.

"அப்பா, என்னோட கணக்கு வழக்கெல்லாம் எழுதி வெச்சிருக்கேன். எனக்கு ஏதாவதுன்னா வீட்டுல தெரியணும்ல. நீங்க ஒரு தடவை பார்த்து, ஏதாவது விட்டிருக்கேனான்னு சொல்லுங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி, அவர் கட்டாயம் ஒரு குறை கண்டுபிடிப்பார். "பாலிசி நம்பர் எழுதலையே. கிளை எங்கன்னும் போடணும்." அவர் சொல்வதை அங்கேயே பேனா எடுத்து எழுதுங்கள். இப்போது அவர் சொல்லிக்கொடுக்கிறவர், நீங்கள் கேட்டுக்கொள்கிறவர். அந்த நேரத்தில் "உங்களோடது எப்படி வெச்சிருக்கீங்கப்பா?" என்று கேட்பதில் எந்த உறுத்தலும் இருக்காது.

எல்லா அப்பாக்களும் வழிக்கு வந்துவிட மாட்டார்கள். சிலர் "ஏன், நான் போய்ச் சேர நாள் பார்க்கறியா?" என்பார்கள். பதறிப்போய் 'ஐயோ அப்படியெல்லாம் இல்லப்பா' என்று மூன்று தடவை சொன்னால் சந்தேகம்தான் கூடும். "நீங்க ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில படுத்தாக்கூட அம்மாவுக்குப் பணம் எடுக்க வழி தெரியணும்ல. அதுக்குத்தான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பிள்ளைகள் மேல் சந்தேகம் உள்ள அப்பாவும், அம்மா தடுமாறி நிற்பதை விரும்ப மாட்டார்.

சிலர் "எல்லாம் உங்களுக்குத்தானே" என்று முடித்துவிடுவார்கள். அதைக் கேட்டு நெகிழ்ந்துபோய் எழுந்து வந்துவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். "சரிப்பா, எங்க இருக்குன்னு மட்டும் சொல்லி வைங்க" போதும்.

இன்னும் சிலர் 'ம்' என்று சொல்லிவிட்டுப் பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொள்வார்கள். விட்டுவிடுங்கள். நோட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து போங்கள். இரண்டு நாள் கழித்து அவரே 'அந்த நோட்டு எங்கடா' என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

பேசத் தொடங்கிவிட்டால் அநேகமாக அவர் நேராகப் பட்டியலுக்கு வர மாட்டார். அந்த மனையை எப்படி வாங்கினார், யாரிடம் கைமாற்று வாங்கினார், அம்மாவின் எந்த நகை அடகுக்குப் போனது, பத்திரம் பதிய எந்த ஊருக்கு பஸ் ஏறினார் என்று கதை நீளும். அதை இடைமறிக்காதீர்கள். பத்திரத்தில் இல்லாதது அந்தக் கதையில்தான் இருக்கும். 'அந்தக் காசுல பாதி உங்க சித்தப்பா குடுத்தது' என்று போகிறபோக்கில் ஒரு வரி வரும். சித்தப்பா பிள்ளைகள் நாளைக்கு வந்து நின்றால் அது என்ன கணக்கு என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? கதை முடிந்தபின் மெதுவாக, "அது எழுத்துல ஏதாவது இருக்காப்பா?" என்று கேளுங்கள்.

கேட்டு எழுத வேண்டியவை நிறைய இருக்கின்றன. வங்கி, அஞ்சலகக் கணக்குகள், அவற்றில் நாமினி யார், லாக்கர் எங்கே. காப்பீட்டுப் பாலிசிகள். ஓய்வூதிய எண். மூலப் பத்திரங்கள் வீட்டிலா, வங்கியில் அடமானத்திலா. பட்டா யார் பெயரில் இருக்கிறது. கிராமத்து நிலத்துக்கு இன்னும் தாத்தா பெயரிலோ, பங்காளிகளோடு கூட்டுப் பட்டாவாகவோ இருப்பது சகஜம். நகைக் கடன், கூட்டுறவுச் சங்கக் கடன், நோட்டு எழுதிக் கொடுத்த கைமாற்று, போட்டுக்கொண்டிருக்கும் சீட்டு, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டது. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்களாகத்தான் கேட்க வேண்டும். இவ்வளவையும் ஒரே உட்காரலில் முடிக்க முயல வேண்டாம். அவர் கொட்டாவி விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

நாமினி விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள். பணம் வாரிசுகளுக்கு உரியதாகவே இருக்கும். ஆயுள் காப்பீட்டில் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களே பலனை அடையும் ஏற்பாடு வந்திருக்கிறது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உரியவர்கள் கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்றாலும் அலைச்சல்தான். அப்படிக் கிடக்கும் கணக்குகளைத் தேட 2023-இல் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது.

அம்மாவிடம் தனியாக

அம்மா பேசும் இடம் சமையலறை. அப்பா இருக்கும் அறையில் அவரிடம் கேட்டால் 'எனக்கென்ன தெரியும், அப்பாவைக் கேளு' என்பார். கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டை நீங்களும் எடுத்துக்கொண்டால், எதிர் வீட்டுக்காரிக்குக் கொடுத்த கைமாற்று முதல் அரிசி டப்பாவுக்குள் இருக்கும் அடகு ரசீது வரை வெளியே வரும். அதில் அப்பாவுக்குத் தெரியாதவையும் இருக்கலாம். அவற்றை அப்பாவிடம் போட்டுடைக்காதீர்கள்.

அம்மாவிடம் உண்மையில் கேட்க வேண்டியது வேறு: "அப்பாவுக்கு அப்புறம் நீ எங்கம்மா இருக்க ஆசைப்படற?" இதை அவரிடம் இதுவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று மாதம் இவன் வீடு, மூன்று மாதம் அவன் வீடு என்று பெட்டியோடு அலையும் ஏற்பாட்டைப் பிள்ளைகள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டு அவருக்கு அறிவிப்பதுதான் வழக்கம். அவர் சொல்லும் பதிலை அப்பாவுக்குத் தெரியப்படுத்துங்கள். அப்பா உயில் எழுதினாலும் செட்டில்மென்ட் எழுதினாலும், அம்மா உயிருள்ளவரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமை அதில் எழுத்தாக இருக்க வேண்டும். 'பசங்க பார்த்துக்குவாங்க' என்பது பத்திரத்தில் ஏறாது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டு, வாங்கிய பிள்ளை கவனிக்காமல் விட்டால் வழி இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிய சொத்தை ரத்து செய்யக் கோரி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். 2025 ஜனவரியில் ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்ததை உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அந்த நிலைமை வரும் வரை விடாமல், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்வது புத்திசாலித்தனம்.

பங்கு என்று வரும்போது

இரண்டாவது பேச்சை அப்பாதான் தொடங்க வேண்டும், அல்லது அவர் சம்மதத்தோடு தொடங்க வேண்டும். நோட்டு முடிந்து சில மாதம் ஆனபின், "அப்பா, இதையெல்லாம் என்ன செய்யணும்னு உங்க மனசுல ஏதாவது இருந்தா எழுதி வெச்சிடுங்க. எங்ககிட்டக்கூடச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லலாம். அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். பல அப்பாக்கள் உயில் எழுதாமல் தள்ளிப்போடுவது சாவுக்குப் பயந்து இல்லை. எழுதியது தெரிந்தால் இருக்கிற காலத்திலேயே பிள்ளைகள் முகம் மாறிவிடுமே என்ற பயம்தான்.

வெளிப்படையாகவே பேசுவது என்று முடிவானால், முடிச்சு எங்கே விழும் என்று எல்லாருக்கும் தெரியும்: பெண் பிள்ளைகளின் பங்கில். 'நகை போட்டு, சீர் செய்து கட்டிக் குடுத்தாச்சே' என்று ஒரு பக்கம். 'பிறந்த வீட்டு வாசல் அடைஞ்சு போயிடுமோ' என்று இன்னொரு பக்கம். வேண்டும் என்று கேட்டால் பேராசைக்காரி, வேண்டாம் என்றால் ஏமாளி. நடுவில் ஒரு நாள் போன் வரும்: "ஒரு கையெழுத்துதான். ரிஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போ. மத்தியானம் அண்ணி பிரியாணி போடறா."

சார்பதிவாளர் அலுவலகத்தின் பெஞ்சில் அந்தத் தங்கைகளைப் பார்க்கலாம். கையில் குழந்தையோ கைப்பையோ இருக்கும், ஆதார் நகல் இருக்கும், மடியில் பத்திரத்தின் பிரதி மட்டும் இருக்காது. பத்திர எழுத்தர் பக்கத்துக்குப் பக்கம் புரட்டிப் புரட்டி 'இங்க, இங்க' என்று விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு, உள்ளே போய் விரல் ரேகை வைத்துவிட்டு வெளியே வருவார்கள். போட்டது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். ஒரு சர்வே எண்ணுக்கா, எல்லாவற்றுக்குமா என்று கேட்டால் தெரியாது.

அந்த இடத்தில் நீங்கள் தங்கையாக இருந்தால், மறுக்கவும் வேண்டாம், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "அண்ணா, வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. பத்திரத்தோட டிராஃப்டை அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன். அதுக்கப்புறம் ஒரு நாள் வெச்சுக்கலாம்." இதில் சண்டைக்கு இழுக்க ஒரு வார்த்தையும் இல்லை. டிராஃப்ட் வந்தால் சர்வே எண், அளவு, தொகை ஏதாவது போட்டிருக்கிறதா, 'இனி எந்த உரிமையும் இல்லை' என்ற வரி எந்தச் சொத்தைக் குறிக்கிறது என்று பார்த்து, தெரியாததை வேறு ஒரு வக்கீலிடம் கேளுங்கள். படித்துப் பார்த்து, முழு மனதோடு அண்ணனுக்கே விட்டுக்கொடுத்தால் அது உங்கள் பெருந்தன்மை. படிக்காமல் போட்டுவிட்டு பத்து வருடம் மனதுக்குள் குமைவது வேறு.

நீங்கள் அண்ணனாக இருந்தால், 'ஒரு கையெழுத்துதான்' என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். தங்கைக்கு விருப்பம் என்ன என்று அவள் கணவனிடம் கேட்காமல் அவளிடமே கேளுங்கள். பங்காகக் கொடுக்க முடியாத சின்ன வீடு என்றால், அதற்கு ஈடாக எவ்வளவு பணம், எப்போது என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். போட்ட நகையைக் கணக்கில் சேர்ப்பதாக இருந்தால் மகனின் படிப்புக்கும் தொழிலுக்கும் அப்பா போட்ட பணத்தையும் சேர்க்க வேண்டியிருக்கும். ஒரு தரப்புக் கணக்கை மட்டும் திறந்தால் பேச்சு நிற்காது.

பெற்றோரைக் கூட இருந்து பார்த்துக்கொண்ட பிள்ளையின் மனக்குறையும் நியாயமானதுதான். ஆனால் அதைப் பங்கோடு குழப்பினால் இரண்டும் கெடும். வைத்தியச் செலவு, வீட்டு மராமத்து இவற்றைத் தனியாக எழுதி, எல்லாரும் பகிர்ந்துகொள்வதா, அவருக்குச் சொத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தருவதா என்று வெளிப்படையாகப் பேசலாம். அப்பா தம் சுய சம்பாத்தியத்தில் அவருக்குக் கூடுதலாக எழுத நினைத்தால், ஏன் என்பதை உயிலிலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பிற்காலத்தில் மற்றவர்கள் அதைப் படிக்கும்போது கோபம் பாதி அடங்கும்.

குரல் உயர்ந்தால்

உயரும். 'உன்னைப் படிக்க வெச்சதுக்கு' என்று அவரும், 'அண்ணனுக்கு மட்டும் பைக் வாங்கிக் குடுத்தீங்களே' என்று நீங்களும் முப்பது வருடத்தைத் தோண்டத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். யார் சரி என்று நிறுவிவிட்டு நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். "இன்னிக்கு இது போதும்ப்பா, சாப்பிடலாம்" என்று எழுந்திருங்கள். சாப்பிடாமல் கிளம்பிப் போவது மட்டும் கூடாது. அப்படிப் போனால் அது ஊருக்கே செய்தி, அப்புறம் திரும்பி வருவதற்கு ஆள் வைத்துப் பேச வேண்டியிருக்கும்.

சில வார்த்தைகளை வாயில் வைத்துக்கொள்ளவே வேண்டாம்: 'கோர்ட்டுல பார்த்துக்கலாம்', 'உங்களுக்குப் புரியாது', 'ஊர்ல கேளுங்க'. அதிலும் 'எனக்கு எதுவும் வேண்டாம், எல்லாம் அவனுக்கே குடுங்க' என்பது கேட்கத் தியாகம் போலத் தெரியும், உண்மையில் அது கோபம். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாரமே பத்திரம் தயாராகிவிட்ட வீடுகளும் உண்டு.

முட்டிக்கொண்டு நின்றால் ஒரு பெரியவரை நடுவில் வைக்கலாம். நம் வழக்கப்படி தாய்மாமனைத்தான் கூப்பிடத் தோன்றும், பல சமயம் அது சரியாகவும் அமையும். யாராக இருந்தாலும் இரண்டு விஷயம் பாருங்கள். அவருக்கு இந்தச் சொத்தில் பங்கோ எல்லையோ இருக்கக் கூடாது. உங்களில் யாரிடமும் கடன் பட்டிருக்கக் கூடாது. பங்காளிப் பெரியப்பாவுக்குப் பக்கத்து வயல் இருந்தால் அவரை மரியாதையோடு தவிர்த்துவிடுங்கள். அம்மாவைத் தூது அனுப்புவதையும் தவிர்க்கலாம். இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்து நடந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது அவர்தான்.

உறவுக்காரர்களால் முடியாதபோது நேராக வழக்குக்குப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேச அங்கே ஏற்பாடு உண்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். தொலைபேசி எண் 15100. முதியவர்களுக்கென்று 14567 என்ற உதவி எண் தனியாக இருக்கிறது. இந்த இரண்டாவது எண்ணை அம்மாவின் போனில் பதிந்து வைப்பதில் தப்பே இல்லை.

பேசி முடித்த பிறகு

எழுதிய நோட்டை நகல் எடுத்து, சொன்னபடி எல்லாருக்கும் கொடுங்கள். ரகசிய எண்களை நோட்டில் எழுதாமல், அப்பா நம்பும் ஒருவரிடம் தனியாகச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். பட்டாவையும் சர்வே எண் தெரிந்தால் இணையத்தில் பார்க்கலாம். பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால் அப்பா இருக்கும்போதே மாற்றிவிடுவது எளிது, அவர் கையெழுத்துப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அவருக்குப் பிறகு என்றால் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று தாலுகா ஆபீஸுக்கு நடக்க வேண்டும்.

பத்திரங்களை ஜவுளிக்கடைப் பையிலிருந்து எடுத்து ஒரு நல்ல கோப்பில் போடுங்கள். பத்திரமாக இருக்கும் என்று நினைத்து லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், பிற்பாடு வங்கியில் அடமானம் வைக்கும்போது தொல்லை. உயில் எழுதியிருந்தால் சாட்சிகளாக அப்பாவைவிட வயதில் சின்னவர்களைப் போடச் சொல்லுங்கள், அவருக்கு அப்புறம் வந்து சொல்ல ஆள் வேண்டும் இல்லையா. அசல் எங்கே இருக்கிறது என்பது குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை, வீட்டு வரி கட்டும் சமயத்தில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், நோட்டை எடுத்து அப்பாவோடு உட்கார்ந்து புதிய டெபாசிட், முடிந்த கடன், மாறிய நாமினி எல்லாவற்றையும் திருத்திவிட்டுத் தேதி போட்டு வையுங்கள்.